‘இன்னைக்கு அரண்மனை லீவு சார்’: மழைக்கால பாங்காக்கில் எது காதில் விழுந்தால் என்ன செய்வது

பாங்காக்குக்குக் கூட்டம் அலைமோதுவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மே நடுவில் மழை பிடித்துவிட்டால் அக்டோபர் வரை ஓட்டல் வாடகை இறங்கிக் கிடக்கும், கோயில்களில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நான் இரண்டு முறை போனதும் மழைக்காலத்தில்தான். மறுபடி போனாலும் அப்போதுதான் போவேன்.

ஒரே ஒரு சிக்கல். பயணிகள் குறைகிற அளவுக்கு ஆள் பிடிப்பவர்கள் குறைவதில்லை. ஜனவரியில் நீங்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தால் அவருக்கு அடுத்த ஆள் கிடைப்பார். செப்டம்பரில் அந்தத் தெருவுக்கே நீங்கள் ஒருவர்தான். அதனால் விடமாட்டார், பொறுமையாக, குடும்பத்தை விசாரித்து, தேவைப்பட்டால் குடையும் பிடிப்பார். முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்னாலேயே போகிற வசதியும் நமக்கு இருக்காது. கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசலில் இருநூறு பேர் வரிசையில் நின்றால் ‘மூடியிருக்கு’ என்ற பொய்யை யார் நம்புவார்கள்?

கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் நீங்கள் கேட்கப் போகிற வாக்கியங்கள், பார்க்கப் போகிற காட்சிகள். உங்களுக்கு நடப்பது எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

கிளம்பும் முன்பே: வருகை அட்டைக்குப் பணம் கேட்கிறது

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகிற வெளிநாட்டவர் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பினால் போதும். கட்டணம் கிடையாது. நீங்கள் திறந்த தளம் பணம் கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வருவதை விட்டுவிட்டு, தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் முகவரியைப் பாருங்கள்; கடைசியில் ‘ஜிஓ டாட் டிஎச்’ என்று முடியும்.

விமான நிலையத்தில் ஒருவர் ‘டாக்ஸி? டாக்ஸி?’ என்று கூடவே நடந்து வருகிறார்

சுவர்ணபூமியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவது இரண்டாம் தளம். மீட்டர் டாக்ஸி நிற்பது முதல் தளம். இந்த ஒரு தள வித்தியாசத்தில்தான் அவருடைய பிழைப்பு. பதில் சொல்லாமல் கீழே இறங்குங்கள். அங்கே வரிசையாக இயந்திரங்கள் இருக்கும், பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், சீட்டில் உள்ள எண்ணில் வண்டி நிற்கும். அந்தச் சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வண்டியின் விவரம் அதில்தான் இருக்கிறது; புகார் சொல்ல வேண்டி வந்தால் அது ஒன்றுதான் சாட்சி.

மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நம் கணக்கு. இவை இரண்டும் நியாயமான காசு, சண்டை போடாதீர்கள். (ஒரு பாட் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று ரூபாய்.)

பெட்டி சிறியதாக இருந்தால் டாக்ஸியே வேண்டாம். அடித்தளத்தில் நகர ரயில் இருக்கிறது. நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரைக்கும் 45 பாட், அரை மணி நேரம். மழை நாளில் சாலையில் ஒன்றரை மணி நேரம் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல். ரயில் ஏறும் தளத்திலேயே பணம் மாற்றும் கடைகள் உண்டு, மேலே உள்ள வங்கிக் கவுன்டர்களைவிட அங்கே நல்ல விலை கிடைக்கும். அதனால் மேலே மாற்றாமல் இறங்கி வாருங்கள்.

மழை கொட்டுகிறது, ‘மீட்டர் இல்ல, 400 பாட்’ என்கிறார்

இதில் பாதி ஏமாற்று, பாதி மழை. மாலை நாலு மணிக்கு வானம் உடைந்து கொட்டும்போது எந்த ஊரிலும் ஆட்டோக்காரர் இதைத்தான் சொல்வார். கதவைத் திறந்ததும் உட்காராமல் மீட்டரைக் கையால் காட்டி ‘மீட்டர்’ என்று மட்டும் கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள், இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. கிராப், போல்ட் என்ற இரண்டு வாடகை வண்டிச் செயலியையும் ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சரியான கட்டணம் எவ்வளவு என்றாவது தெரியும். அப்புறம், அந்த மழை பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 60 பாட். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘அரண்மனை இன்னைக்கு மூடியிருக்கு’

இதுதான் பெரியது. நானும் இதில் விழுந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பயணம், செப்டம்பர், காலை ஒன்பதரை. நானும் மச்சானும் சனாம் சாய் மெட்ரோவில் இறங்கி, அரண்மனையின் வெள்ளை மதிலை ஒட்டி நடந்தோம். மதில் முடியவே இல்லை. முடியாதுதான், சுற்றளவு 1.9 கிலோமீட்டர். வழியில் ஒரு பெரிய வாசல், பூட்டியிருந்தது. அங்கே ஒருவர் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த குடை. எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நாங்கள் பூட்டைப் பார்த்துத் தயங்கியதும்தான் திரும்பினார்.

“எந்த ஊர்? இந்தியா? சென்னையா! என் தங்கச்சி பொண்ணு அங்கதான் படிக்கிறா.”

அப்புறம் வாசலைக் காட்டினார். இன்றைக்குப் புத்தருக்கு விசேஷ நாள், துறவிகள் பூஜை, ஒன்றரைக்குத்தான் வெளியாட்களை விடுவார்கள் என்றார். அதுவரை சும்மா நிற்பானேன் என்று என் வரைபடத்தை வாங்கி, பேனாவால் மூன்று வட்டம் போட்டார். நின்ற புத்தர், அதிர்ஷ்ட புத்தர், ஒரு ‘அரசாங்க ஏற்றுமதி மையம்’. கடைசி வட்டத்தைப் பற்றி எதுவும் விளக்கவில்லை, சும்மா வட்டம்தான். “வெள்ளை நம்பர் பலகை இருந்தா பிரைவேட் துக்துக், காசு அதிகம் கேப்பான். மஞ்சள் பலகைதான் அரசாங்கம், மூணு இடத்துக்கும் 20 பாட்தான்” என்றார். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் பலகையோடு ஒரு துக்துக், நம்மூர் ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டி, நிற்கிறது. அரசாங்கத் துக்துக் என்று ஒன்றே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏன் நம்பினோம்? ஒரு பூட்டைக் கண்ணால் பார்த்தோமே! அந்த மதிலில் வாசல்கள் பல. பயணிகள் உள்ளே போவது வடக்குப் பக்கம், நா ப்ரா லான் சாலையில் உள்ள வீசெட் சாய்ஸ்ரீ வாசல். மற்றதெல்லாம் பெரும்பாலும் மூடியே இருக்கும். அவர் நின்ற இடத்தைத்தான் மெச்ச வேண்டும்.

சரிபார்க்கும் முறை எளிது. அரண்மனை தினமும் காலை 8:30 முதல் மாலை 3:30 வரை சீட்டு கொடுக்கும், ஞாயிறு, பண்டிகை என்று தனி விடுமுறை இல்லை. அரச குடும்பச் சடங்குகளுக்காக மூடும் நாள்கள் உண்மையாகவே உண்டு. அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தருக்கு வெயில், மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை உடை மாற்றும் சடங்கு நடக்கும், மழைக்கால உடை ஜூலையை ஒட்டி வரும். அந்த மாதிரி நாள்களின் அறிவிப்பு அரண்மனையின் இணையதளத்தில் இருக்கும். முந்தின இரவே பார்த்துவிடுங்கள். மற்றபடி யார் என்ன சொன்னாலும் வடக்கு வாசல் வரை நடந்து, சீருடைக் காவலர் வாயால் கேட்ட பிறகே நம்புங்கள். ஆள்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கும் பலகைகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. நாங்கள் அதுவரை போகவே இல்லை.

சொல்ல மறந்தது ஒன்று. ‘அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை’ என்று வெளியே ஒருவர் சொன்னால் அது உண்மை. தோளும் முழங்காலும் மூட வேண்டும். ஆனால் அதைச் சொல்லி அவர் காட்டுகிற கடையில் துணி எடுக்க வேண்டியதில்லை. பையில் ஒரு வேட்டியோ நீளப் பாவாடையோ இருந்தால் முடிந்தது.

ஏற்கெனவே துக்துக்கில் உட்கார்ந்துவிட்டீர்கள்

பதற வேண்டாம். உங்களை யாரும் கடத்தவில்லை. இந்த ஆட்டத்தில் கத்தி கிடையாது, எல்லாம் இனிப்புதான். அடுத்து நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன், எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பொருத்திப் பாருங்கள்.

முதல் நிறுத்தம் உண்மையான கோயில். எங்களைக் கூட்டிப்போனது வாட் இந்த்ரவிஹானுக்கு. 32 மீட்டர் உயரத்துக்குப் பொன்னிறப் புத்தர் நிற்கிறார், பார்க்க வேண்டிய இடம்தான். 20 பாட்டுக்கு இது லாபம் என்று மச்சான் சொன்னான். பாவம், அது வரைக்கும் சரிதான்.

இரண்டாவது நிறுத்தத்தில் தற்செயலாக ஒருவரைச் சந்திப்பீர்கள். எங்களுக்கு வாய்த்தவர் ‘பள்ளி ஆசிரியர்’. கோயில் திண்ணையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவராகவே எதுவும் விற்கவில்லை. துக்துக்குக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றார், 20 என்றதும் ‘ஆகா, நல்ல ஆள்’ என்றார். வரைபடத்தில் மூன்றாம் வட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வருஷத்துக்கு ஒரு வாரம் வரியில்லாமல் ரத்தினக்கல் விற்பார்களாம், இன்றுதான் கடைசி நாளாம், தானே போன வருஷம் வாங்கி வெளிநாட்டில் விற்றுப் பணம் பார்த்தாராம். வாசலில் பார்த்த வெள்ளைச் சட்டையும் இவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் நம்பிக்கை பிறக்கிறது. ஒருவர் சொன்னால் சந்தேகப்படுவோம், சம்பந்தமில்லாத இரண்டு பேர் சொன்னால் செய்தி ஆகிவிடும்.

மூன்றாவது கடை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், குளிர்பானம். சில வண்டிகள் தையல் கடைக்குப் போகும், மற்றதெல்லாம் அதே கதைதான். ஆளைக் கொண்டுவந்து விட்டாலே ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பன், வாங்கினால் கமிஷன். வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்கள் நிறைய. பயணியே வராத செப்டம்பரில் அந்தக் கூப்பன்தான் அன்றைய வாடகை. எங்கள் ஓட்டுநர் அதை மறைக்கவே இல்லை. கடைக்குள் போக மாட்டோம் என்றதும், “பத்து நிமிஷம் உள்ள நின்னுட்டு வாங்க சார், வாங்க வேண்டாம்” என்று கெஞ்சினார்.

போகலாமா? என் யோசனை, போகாதீர்கள். இறங்கி 20 பாட்டைக் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ‘மை ஆவ் க்ராப்’ என்றால் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வது. பெண்கள் கடைசியில் ‘க்ராப்’ என்பதற்குப் பதில் ‘கா’ என்று சொல்ல வேண்டும். சில ஓட்டுநர்கள் காசை வாங்காமல் விட்டுவிட்டும் போய்விடுவார்கள், அதுவும் நல்லதுதான். நாங்கள் உள்ளே போனோம். மச்சான் ஒரு நீலக்கல் மோதிரத்தைக் கையில் போட்டுப் பார்த்தான். 18,000 பாட். விற்கிற பெண் கால்குலேட்டரில் 14,000 என்று அடித்துக் காட்டினாள், அப்புறம் 11,000. அட்டையை எடுக்கப் போனவன் கையை நான் பிடித்தேன். ஞானம் வந்து பிடிக்கவில்லை, அந்த அட்டை என்னுடையது.

கல்லை வாங்கியே விட்டீர்கள்

இதில் நேரம்தான் முக்கியம். அன்றைக்கே செய்ய வேண்டியவை.

பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ரசீதை எடுத்து வையுங்கள். ‘பாதுகாப்புக்காக நாங்களே உங்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடுகிறோம்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கல் உங்கள் கையைவிட்டுப் போனால் கதை முடிந்தது. 1155க்கு அழையுங்கள், சுற்றுலாக் காவல் துறை, ஆங்கிலம் பேசுவார்கள். முடிந்தால் நேரிலேயே போங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்தக் கல் பல நேரம் போலி இல்லை. தரம் குறைந்த உண்மைக் கல்லைப் பல மடங்கு விலைக்கு விற்றிருப்பார்கள், அதிக விலைக்கு விற்பது குற்றம் என்று சட்டத்தில் நிற்பது கடினம். அதனால் காவல் துறை பேசி, கடைக்காரர் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தருவதாகத்தான் பெரும்பாலும் முடியும். ஊருக்குத் திரும்பிய பிறகு அதுவும் கிடைக்காது. கல்லின் தரம் தெரிய வேண்டுமென்றால் தாய்லாந்து ரத்தினக்கல் ஆபரண நிறுவனத்தின் சோதனைக்கூடம் சீலோம் சாலையில் இருக்கிறது.

நம்மூர்த் தொடர்பு ஒன்று. காயல்பட்டினத்துக்காரர்கள் பாங்காக்கில் நெடுநாளாகக் கல் வியாபாரம் செய்கிறார்கள். ஊரில் அப்படி ஒருவரைத் தெரிந்தால் போகும் முன் கேளுங்கள், வியாபாரம் தெரியாதவன் ஒரு நாளில் வாங்கி ஊரில் விற்று லாபம் பார்க்க முடியுமா என்று. சிரிப்பார்கள்.

கையில் சோளப் பொட்டலத்தைத் திணிக்கிறார்கள்

சனாம் லுவாங் மைதானத்துப் பக்கம், புறாக்களுக்குப் போடச் சொல்வார்கள். இலவசம் மாதிரி வரும், போட்ட பிறகு 100 பாட் கேட்கும். கையை மூடிக்கொண்டு நடங்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எரவான் பிரம்மா சன்னிதிக்கு வெளியே மாலையும் ஊதுபத்தியும் கையில் வைப்பவர்களுக்கும் இதே மருந்து. உள்ளே விலைப் பலகையோடு கவுன்டர் இருக்கிறது.

‘இந்தப் படகுத்துறை வேலை செய்யல, என் படகுல வாங்க’

மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும், அதனால் இது நம்பும்படி இருக்கும். டிக்கெட் விற்கும் மேசை மிதவை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும், அதுவரை நடந்து போய்ப் பாருங்கள். ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகு 16 பாட். தா தியென் துறையிலிருந்து எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்குப் போகிற படகு சில பாட் காசுதான். அதே தூரத்துக்குத் தனிப்படகுக்காரர் ஆயிரத்துக்கு மேல் சொல்வார். தனிப்படகில் கால்வாய் சுற்ற ஆசை என்றால் தப்பில்லை, நானும் போனேன். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எங்கே இறக்கிவிடுவது, இறங்கும் துறைக் கட்டணம் உள்ளடக்கமா, எல்லாம் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

பாங்காக்கில் இருந்தபடி தீவுப் பயணம் வாங்குகிறீர்கள், விலை அநியாயத்துக்குக் குறைவு

மேலே மூடாததை மூடியது என்றார்கள், இங்கே மூடியதைத் திறந்திருக்கிறது என்பார்கள். மேற்குக் கடலில் இருக்கும் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடல். அதே பக்கம் உள்ள மாயா கடற்கரை ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடல். அந்த மாதங்களில் இந்த இரண்டின் படத்தைக் காட்டி விற்றால், அங்கே போனதும் ‘இன்று அலை அதிகம், வேறு தீவு’ என்பார்கள். அலை உண்மையாகவே அதிகம்தான், அதில் பொய் இல்லை. பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: கடல் சரியில்லாமல் படகு கிளம்பாவிட்டால் முழுப் பணமும் வருமா, அதை ரசீதில் எழுதுவீர்களா? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல்தான் வேண்டும் என்றால் கிழக்குப் பக்கம் சமூய் தீவுக்குப் போகலாம், அங்கே பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான்.

பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கிறார்கள்

பட்டாயாவிலும் புக்கெட்டிலும் ஜெட்ஸ்கிக்கு, எல்லா இடத்திலும் ஸ்கூட்டருக்கு. கொடுக்காதீர்கள். திரும்பி வந்ததும் இல்லாத கீறலைக் காட்டி முப்பதாயிரம் கேட்டால் பாஸ்போர்ட் அவர் மேசையில் இருக்கும், உங்களுக்கு மறுநாள் விமானம் இருக்கும். நகல் போதும் என்கிற கடையில் மட்டும் எடுங்கள். எடுக்கும் முன் வண்டியை அடிப்பக்கம் வரை, கடைக்காரரும் தெரியும்படி வீடியோ பிடியுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் குரலை உயர்த்தாமல் 1155.

ஏடிஎம் ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்கிறது

வேண்டாம் என்ற பொத்தான். எப்போதும் பாட்டிலேயே வாங்குங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் போடுகிற மாற்று விலைக்கு நாம் சம்மதித்ததாக ஆகிவிடும். உள்ளூர் ஏடிஎம் கட்டணமே ஒரு தடவைக்கு 220 பாட் அளவில் பிடிக்கும். சில்லறை சில்லறையாக எடுக்காமல் ஒரே தடவை எடுங்கள்.

ஏமாற்று மாதிரி தெரியும், ஆனால் இல்லை

அரண்மனைக்கு நமக்கு 500 பாட், தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். தாஜ்மகாலில் வெளிநாட்டவரிடம் நாம் வாங்குவதை நினைத்துக்கொண்டு கட்டிவிடுங்கள்.

இரண்டாவது பயணத்தில் கற்ற பாடம் ஒன்று. விஜயதசமி சாயங்காலம், சீலோம் பக்கம் போக டாக்ஸி பிடித்தேன். பாதி வழியில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, “ரோடு மூடியிருக்கு, போக முடியாது” என்றார். முதல் பயணத்துக் கோபம் முழுவதும் நாக்கில் வந்து நின்றது. மூடியிருக்கிறதா, இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்து, மீட்டரைக் காட்டி, 1155 என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் பதிலே பேசாமல் முன் கண்ணாடியைக் காட்டினார். தூரத்தில் தடுப்பு, அதற்கு அப்பால் தெரு முழுக்க ஜனம், செண்டுமல்லி மாலைகள். 1870களில் நம்மவர்கள் கட்டிய மகாமாரியம்மன் கோயிலின் ஊர்வலம். அன்று அம்மன் வெளியே வருகிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது. மீட்டரில் 71 பாட் ஓடியிருந்தது. நூறு கொடுத்தேன், மீதிச் சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். இறங்கி நடந்தேன், தாய்லாந்துப் பெண் ஒருத்தி தேங்காயை ஓங்கித் தரையில் அடித்தாள், தண்ணீர் என் பேன்ட் வரை தெறித்தது.